கூலன்ட் மாற்றுவது எங்கே முடிகிறது?



போன மாதம் என் சின்னக் காருக்கு வீட்டிலேயே கூலன்ட் மாற்றிய படத்தைப் போட்டிருந்தேன். "எங்களுக்கும் சொல்லிக் கொடுங்க சார்" என்று பலர் கேட்டீர்கள். ஒருவர், "நம்ம ஊர்ல பனியா கொட்டுது? பச்சைத் தண்ணி போதாதா சார்?" என்று எழுதியிருந்தார். பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம் இருக்கிறது. வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் பச்சைத் தண்ணீர் விஷயம். கூலன்ட் என்பது எத்திலீன் கிளைக்கால், தண்ணீர், துருப்பிடிக்காமல் காக்கும் சில மருந்துகள் ஆகியவை சேர்ந்த கலவை. பனி நாட்டில் அது உறையாமல் காக்கிறது. நம் ஊரில் அதன் வேலை வேறு. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்று எட்டாம் வகுப்பில் படித்தீர்கள். பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் அதைவிட ஆறேழு டிகிரி தாண்டித்தான் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால் கொதிநிலை இன்னும் மேலே போகும். பிரஷர் குக்கர் பாடம்தான்.

இன்னொன்று, நம் போர் தண்ணீர். அதைக் காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவுதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும். இன்ஜின் ஹெட் அலுமினியம். மருந்து இல்லாத தண்ணீர் அதை அரிக்கும். ஐந்நூறு ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய் ஹெட் கேஸ்கெட்டுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்தவர்கள் நம் உறவிலேயே இருக்கிறார்கள். அதற்காகக் கூலன்டைக் கலக்காமல் அப்படியே ஊற்றுவதும் தவறு. வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீரை மிஞ்ச முடியாது. அதனால்தான் கலவை.

வீட்டில் செய்யலாமா? செய்யலாம் என்பதே என் கட்சி. நம் கையால் ஒருமுறை செய்தால்தான் வண்டிக்குள் என்ன நடக்கிறது என்று புரியும். முறை இதுதான்.

வண்டி ஒரு ராத்திரி முழுக்க ஆறியிருக்க வேண்டும். சூட்டில் மூடியைத் திறந்தால் கொதிக்கும் கூலன்ட் முகத்தில் அடிக்கும். இதில் அவசரமே கூடாது. அடியில் அகலமான பேசின் வைத்து, ரேடியேட்டரின் கீழே உள்ள வடிகால் திருகையோ, அது இல்லாத வண்டியில் கீழ் ஹோஸையோ கழற்றுங்கள். வடிந்ததை லிட்டர் கணக்கில் அளந்து எழுதி வையுங்கள். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி ஒருமுறை அலசி, அதையும் வடித்து அளந்துகொள்ளுங்கள். இன்ஜினுக்குள் கொஞ்சம் எப்போதும் தங்கும். வண்டியின் கையேட்டில் சொன்ன வகையைத்தான் வாங்க வேண்டும். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பச்சையும் சிவப்பும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

புதியதை மெதுவாக ஊற்றி, மூடி திறந்திருக்கும்போதே வண்டியை ஸ்டார்ட் செய்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். குமிழி குமிழியாகக் காற்று வெளியேறும். தெர்மோஸ்டாட் திறந்ததும் கீழ் ஹோஸ் சூடாகும், மட்டம் இறங்கும். இறங்கிய அளவுக்கு ஊற்றி மூடுங்கள். கடைசியாக வடிந்த அளவைவிட உள்ளே போனது குறைவு என்றால் காற்று அடைத்திருக்கிறது என்று பொருள். மறுநாள் காலை, ஆறிய வண்டியில் மட்டத்தை மறுபடி பாருங்கள்.

இத்தனையும் நான் சரியாகச் செய்தேன். படம் எடுத்தேன், போட்டேன், கை கழுவினேன், சாப்பிட்டுப் படுத்துவிட்டேன். வடித்த பேசின் போர்ட்டிகோவிலேயே இருந்தது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

எங்கள் வீட்டம்மா ஆறு வருடமாகச் சோறு வைத்த கருப்பனைப் பலர் பார்த்திருப்பீர்கள். நீங்கள் வீட்டுக்கு வந்தால் குரைக்காமல் வாலாட்டும் நாய் அது. காலையில் அது கள் குடித்தவன் போலத் தள்ளாடியது, வாந்தி எடுத்தது. மத்தியானம் தெளிந்துவிட்டது. வெயில்தான் என்று நாங்களும் விட்டுவிட்டோம். மறுநாள் எழுந்திருக்கவில்லை. கால்நடை மருத்துவர், "என்ன குடிச்சது?" என்று கேட்டபோதுதான் பேசின் ஞாபகம் வந்தது. சிறுநீரகம் நின்றுவிட்டது, முதல் சில மணி நேரத்திலேயே கொண்டு வந்திருந்தால் முயன்று பார்த்திருக்கலாம் என்றார். மூன்றாம் நாள் கருப்பன் போய்விட்டான்.

எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். அதுதான் அதன் கொடுமை. உடம்புக்குள் போனபின் அது ஆக்ஸாலிக் அமிலமாக மாறி, கால்சியத்தோடு சேர்ந்து சிறுநீரகத்தில் படிகமாகப் படியும். நடுவில் தெளிந்ததுபோல் தோன்றுவது ஏமாற்று. 2022இல் காம்பியாவில் குழந்தைகள் இறந்தபோது, இருமல் மருந்தில் இருந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் எச்சரித்த இரண்டு நச்சுப் பொருள்களில் இதுவும் ஒன்று. வேதியியல் நடத்திய எனக்கு இது தெரியாதா? தெரியும். பேசினை நகர்த்தி வைக்கத்தான் தோன்றவில்லை.

அன்று மாலை என் நாலு வயதுப் பேத்தி அந்தப் பேசினைக் காட்டி, "தாத்தா, ஜூஸா?" என்று கேட்டிருந்தாள். "இல்லடா கண்ணு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவன் நான். இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது.

அதனால் என் கருத்தைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். வீட்டில் செய்யலாம். ஆனால் புதியது ஊற்றியதோடு வேலை முடியவில்லை. பழையது பத்திரமான இடத்துக்குப் போய்ச் சேரும்போதுதான் முடிகிறது. சாக்கடையிலோ தென்னை மரத்தடியிலோ ஊற்றுவது அடுத்தவர் வீட்டுக் கருப்பனுக்கு வைக்கிற விஷம். வடித்த உடனே இறுக்கமான மூடியுள்ள கேனில் ஊற்றி, "விஷம்" என்று பெரிதாக எழுதி, எட்டாத இடத்தில் வையுங்கள். தண்ணீர் பாட்டிலிலும் ஜூஸ் பாட்டிலிலும் ஒருபோதும் ஊற்றாதீர்கள். கழிவைச் சேகரிக்கும் சர்வீஸ் சென்டரில் முன்பே கேட்டுவிட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். சிந்திய தரையை மணல் போட்டு ஒற்றியெடுத்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கேனை எங்கே கொடுப்பது என்று தெரியாதவர்கள், தயவுசெய்து ஒர்க்‌ஷாப்பிலேயே மாற்றிக்கொள்ளுங்கள். அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

குழந்தையோ பெரியவரோ ஒரு வாய் குடித்துவிட்டால், அறிகுறிக்குக் காத்திருக்காமல், வாந்தி எடுக்க வைக்காமல், கேனையும் கையோடு எடுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கம்பெனிகளிடமும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. டெனடோனியம் என்ற கடுங்கசப்புப் பொருளைத் துளியளவு சேர்த்தால் வாயில் வைக்கவே பிடிக்காது. அமெரிக்காவில் கலிபோர்னியா உள்ளிட்ட பல மாநிலங்கள் இதற்குச் சட்டமே போட்டிருக்கின்றன. நான் வாங்கிய கேனில் கசப்புச் சேர்த்ததாக ஒரு வார்த்தை இல்லை. தமிழில் ஒரு வரி எச்சரிக்கையும் இல்லை. நம் மாணவர்களில் வாகனத் துறையிலும் அரசுப் பணியிலும் எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். உங்கள் மேசையிலிருந்து ஒரு கடிதம் போனால் இந்த வாத்தியார் மகிழ்வேன்.

பழைய படத்தை எடுத்துவிட்டேன். அதைப் பார்த்துச் செய்தவர்கள் யாராவது இருந்தால், இப்போதே எழுந்து போய் உங்கள் பேசின் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பார்த்துவிட்டு கீழே "பார்த்துட்டேன் சார்" என்று ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் வாத்தியார்