பலகை பாரம் தாங்காது

கொட்டாஞ்சேனையில் குடியிருப்பவர்களுக்குக் களனி கங்கை அயல்வீட்டுக்காரி மாதிரி. கிராண்ட்பாஸைத் தாண்டினால் ஆறு, ஆற்றைத் தாண்டினால் பேலியகொடை. 1822இல் படகுகளை வரிசையாகப் பிணைத்து, மேலே பலகை பரப்பி ஒரு பாலம் அமைத்தார்கள். ஆற்றில் வரும் வள்ளங்களுக்கு வழிவிட இடையிலுள்ள படகுகளைக் கழற்றி ஒதுக்குவார்களாம். 1895இல் இரும்பாலான விக்டோரியா பாலம் வந்தது. மாட்டுவண்டிக் காலத்துக் கணக்கில் எழுந்த அந்த இரும்பின் மீது பின்னாளில் பஸ்ஸும் லொறியும் ஏறின. பழைய பாலங்கள் எல்லாவற்றின் கதையும் அநேகமாக இதுதான். கட்டியவன் ஒரு பாரத்தை நினைத்தான், காலம் வேறொரு பாரத்தை ஏற்றிற்று.

உடனே மும்மொழியிலும் ஒரு பலகை நடப்படுகிறது: இத்தனை தொன்னுக்கு மேற்பட்ட வாகனங்கள் செல்லக்கூடாது. நல்லது. யார் நிறுப்பது? துறைமுகத்திலிருந்து இங்குருக்கடைச் சந்திப் பக்கம் ஊர்ந்துவரும் லொறிச் சாரதி ஒருவரிடம் சரக்கின் எடையை ஒருமுறை கேட்டேன். "முதலாளிக்குத்தான் தெரியும் ஐயா" என்றார். பொய் சொல்லவில்லை. ஆனால் பிடிபட்டால் தண்டப்பணம் அவருக்குத்தான்.

மொத்த எடை மட்டுமல்ல, ஒவ்வோர் அச்சிலும் இறங்கும் பாரமும் முக்கியம். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் லொறிகளை ஓடவிட்டுச் செய்த சோதனைகளிலிருந்து பொறியியலாளர் பெற்ற கணக்குப்படி, அச்சுப் பாரம் இருமடங்கானால் வீதிக்கு நேரும் சேதம் ஏறத்தாழ பதினாறு மடங்காகும். பாலத்து இரும்புக்குக் கணக்கு வேறு. ஓயாமல் வளைந்து நிமிரும் உலோகம் களைத்துக் கீறல் விடும். நமது கடற்காற்றின் உப்போ அந்தக் கீறலுக்காகவே காத்திருப்பது.

எண்பதுகளில், இளம் நிருபனாக மலையகத்தில் பஸ்ஸில் சென்றபோது ஒரு பாலத்தடியில் நடத்துநர் எங்களை இறக்கி நடக்கவிட்டார். வெறும் பஸ் பின்னால் மெல்ல ஊர்ந்து வந்தது. அந்த மனிதருக்கிருந்த பொறுப்பு, பலகையை நட்டுவிட்டுப் போகிறவர்களிடம் இருப்பதாகத் தெரியவில்லை. ஏதும் நேர்ந்தால் "எழுதித்தானே வைத்தோம்" என்று சொல்ல அவர்களுக்கு அது உதவும், அவ்வளவே.

2025 ஜூலை 9ஆம் திகதி குஜராத்தில் மஹிசாகர் ஆற்றின் கம்பீரா பாலம் இடிந்து, லொறிகள் உட்பட வாகனங்கள் ஆற்றில் வீழ்ந்தன. ஏறத்தாழ நாற்பதே வயதான பாலம்! அது ஆபத்தாக இருக்கிறதென்று ஊரவர் முன்னரே முறையிட்டிருந்தார்கள்.

ஆகவே எடையைப் பாலத்தடியில் தேடாமல் சரக்கு ஏற்றும் இடத்திலேயே நிறுக்கவேண்டும். தண்டம் சரக்குக்காரரையும் சேரவேண்டும். பரிசோதனை அறிக்கைகள் கோப்புகளுக்குள் உறங்காமல் பொதுமக்கள் பார்வைக்கு வரவேண்டும். எல்லாவற்றுக்கும் முன்பாக, தடுப்பதானாலும் மூடுவதானாலும் மாற்றுவழி இருக்கவேண்டும்.

கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் புதிய பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில் மக்கள் மிதவைப் படகில்தான் கடந்தார்கள். 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை அது கவிழ்ந்தது. இறந்தவர்களில் பாடசாலைச் சிறார்களும் இருந்தனர். மறுநாள் நவம்பர் 24, களனி கங்கையின் மேல் ஆறு வழித்தடங்களோடு 'கல்யாணி பொன் நுழைவு' கோலாகலமாகத் திறந்துவைக்கப்பட்டது.