பெருநாளைக்குப் பெயின்ட் அடிக்க முதல் அலுமாரியை இழுத்துப் பாருங்கள்



மாரி ஓயும் இந்த நாட்களில் நாங்கள் படிப்பிக்கிற வகுப்பில் வரவு குறைகிறது. வராத பிள்ளைகளும் அநேகமாக அதே நாலைந்து பேர்தான். "முட்டு சேர், ராவெல்லாம் தூக்கமில்ல" என்கிறார்கள் உம்மாமார். ஐஸ் தண்ணி குடித்தது, பனியில் விளையாடியது என்று காரணமும் சொல்கிறார்கள். கட்டிலை ஒட்டிய சுவரைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை.

குறை சொல்ல எங்களுக்கும் தகுதியில்லை. பிள்ளைகள் படுக்கிற அறையில் அலுமாரியை இழுத்தபோது, பின்னால் ஒரு பாய் அகலத்துக்குச் சுவர் கறுத்துப் பூஞ்சணம் பூத்திருந்தது. போன பெருநாளைக்கு அதே சுவருக்குத்தான் பெயின்ட் அடித்து அழகு பார்த்தோம்! ஏறிப் பார்த்தால், கூரைப் பீலியில் இலை அடைத்து, மழைத் தண்ணி முழுக்கச் சுவரில் இறங்கியிருக்கிறது. ஈரம் நிற்காமல் பூஞ்சணம் போகாது. பெயின்ட் அதை மறைக்கும், அவ்வளவுதான்.

எல்லா முட்டும் பூஞ்சணத்தால் வருவதல்ல, டொக்டரிடம் காட்டத்தான் வேண்டும். ஆனால் ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீட்டில் இழுப்பு, இருமல் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனம் 2009இலேயே வழிகாட்டி வெளியிட்டுவிட்டது.

துப்புரவு செய்கிற முறையிலும் நாங்கள் பிழை விடுகிறோம். காய்ந்த தும்புத்தடியால் சுரண்டினால் அதன் வித்திகள் அறை முழுக்கப் பறக்கும். பிள்ளைகளை, முக்கியமாக முட்டுக்காரப் பிள்ளையை, உம்மம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். கதவைச் சாத்தி ஜன்னலைத் திறந்து, என்95 மாஸ்க், கையுறை போட்டு, சவர்க்காரத் தண்ணியில் நனைத்த துணியால் துடையுங்கள். பிறகு நன்றாகக் காய விடுங்கள். உடுப்பைக் கழுவி வெயிலில் போடலாம். பூஞ்சணம் ஏறிய பஞ்சு மெத்தையை வீசத்தான் வேண்டும், மனம் வராதுதான். அஸ்பெஸ்டஸ் சீற்றில் கைவைத்துச் சுரண்டவே வேண்டாம், அது வேறு ஆபத்து.

"கடுமையா அடிச்சாத்தான் போகும்" என்று ப்ளீச்சையும் டொய்லட் கழுவுகிற அசிட்டையும் ஒன்றாக ஊற்றுகிறவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். அதிலிருந்து வருவது குளோரின் வாயு. பூட்டிய குளியலறையில் உயிருக்கே ஆபத்து.

எல்லாவற்றையும் உம்மாமாரின் தலையில் போடவும் முடியாது. வாடகை வீட்டில் இருப்பவர் பீலியைத் திருத்தச் சொன்னால், "வேற வீடு பாருங்க" என்று பதில் வருகிறது. இங்கிலாந்தின் ரொச்டேலில் 2020இல் பூஞ்சணம் பிடித்த வீட்டில் இரண்டு வயதுப் பிள்ளை மௌத்தானது. அவாப் என்ற அந்தப் பிள்ளையின் பெயரிலேயே அங்கு சட்டம் வந்தது. எங்கள் ஊர் வீட்டுச் சொந்தக்காரர்களுக்குச் சட்டம் வரும்வரை அல்லாஹ்வின் பயம் போதாதா?

எங்கள் சுவர் இன்னும் காயவில்லை. பீலி மட்டும் மாற்றியாகிவிட்டது. இந்தப் பெருநாளைக்கு அந்த அறைக்குப் பெயின்ட் இல்லை.