எக்ஸ்ரே திரையில் அளந்தது உடம்பின் அளவா?

பிலிம் போய் டிஜிட்டல் எக்ஸ்ரே வந்ததிலிருந்து ஒரு பேச்சு நிலைத்துவிட்டது: படத்தில் இனிக் கோணல் கிடையாது, மிச்சம் மீதி இருந்தாலும் மென்பொருள் சரிசெய்துவிடும், ஆகவே திரையில் கோடு இழுத்து அளந்தால் வருவது உடம்பின் அளவேதான். இதில் முதல் கூற்று பாதி உண்மை. மற்ற இரண்டும் அந்தப் பாதியை நம்பிப் பிழைக்கின்றன.

உண்மையான பாதியை முதலில் ஒப்புக்கொண்டுவிடலாம். பழைய சி-ஆர்ம் (சி வடிவக் கையில் பொருத்திய எக்ஸ்ரே) கருவிகளில், எக்ஸ்ரேயைக் காணத்தக்க படமாக்கும் இமேஜ் இன்டென்சிஃபயர் குழாயின் முகப்பு வளைந்தது. அதனால் படத்தின் ஓரங்கள் வெளிப்பக்கமாக இழுபடும். குழாய்க்குள் ஓடுபவை எலக்ட்ரான்கள் என்பதால் பூமியின் காந்தப்புலமும் தன் பங்குக்கு அவற்றைத் திருப்பிவிடும். நேரான கம்பி 'எஸ்' வடிவில் நெளியும். சி-ஆர்மைச் சுழற்றினால் நெளிவும் மாறும். இதற்கு வழி இருந்தது. சம இடைவெளியில் உலோக மணிகள் பதித்த தகட்டைப் படமெடுத்து, ஒவ்வொரு மணியும் எங்கே இருக்க வேண்டும், எங்கே தெரிகிறது என்று கணக்கிட்டு, படத்தைப் பின்னோக்கி வளைத்து நேராக்குவார்கள். கோணம் மாறினால் கணக்கையும் மாற்ற வேண்டும். தட்டை டிடெக்டர் வந்தபின் இந்த வேலை பெருமளவு ஒழிந்தது. நல்ல முன்னேற்றம்தான்.

ஆனால் அது கருவியின் கோணல். எக்ஸ்ரே ஒரு புள்ளியிலிருந்து விரிந்து வருவதால் உண்டாகும் கோணலை எந்த டிடெக்டர் மாற்றும்? டிடெக்டரிலிருந்து தள்ளியிருக்கும் உறுப்பு பெரிதாக விழும். ஒட்டியிருப்பது ஏறத்தாழ உள்ளபடி விழும். நெஞ்சுப் படத்துக்கு ஆளை நிற்கவைத்து, 180 செ.மீ. தூரத்தில், முதுகுப் பக்கமிருந்து கதிர் விடுகிறார்கள். இதயம் டிடெக்டரிலிருந்து 8 செ.மீ. தள்ளியிருந்தால் பெருக்கம் 5 சதவீதத்துக்குள். அதே ஆளை ஐசியுவில் படுக்கவைத்து, முதுகுக்கடியில் தகடு கொடுத்து, 100 செ.மீ. உயரத்திலிருந்து எடுத்தால் இதயம் 18 செ.மீ. தள்ளிப்போகலாம், பெருக்கம் 22 சதவீதம். 12 செ.மீ. அகல இதயம் 14.6 செ.மீ. ஆகத் தெரியும்.

"மருத்துவர் பார்ப்பது இதய அகலத்துக்கும் விலாக்கூட்டின் அகலத்துக்கும் உள்ள விகிதத்தை; கூடும் சேர்ந்துதானே பெருக்கிறது, விகிதம் எப்படி மாறும்?" என்று மடக்குவோர் உண்டு. கூட்டின் அகலமான இடம் உடம்பின் நடுவாக்கில் இருக்கிறது, இதயமோ முன்பக்கம். இரண்டும் ஒரே அளவில் பெருப்பதில்லை. விகிதம் 50 சதவீத எல்லைக்கு அருகில் இருப்பவருக்கு இல்லாத இதய வீக்கம் படத்தில் வந்துசேர இது போதும்.

இதை மென்பொருள் கழித்துவிடாதா? கழிக்க ஆழம் தெரிய வேண்டும். பெரிய உறுப்பு ஒட்டியிருந்ததா, சிறியது தள்ளியிருந்ததா என்று ஒரே படத்தை வைத்துச் சொல்ல முடியாது. இரண்டுக்கும் நிழல் ஒன்றே. கருவி தானாகச் செய்யும் திருத்தங்கள் பெரும்பாலும் செத்த பிக்சல்களை நிரப்புவதும் வெளிச்சத்தைச் சமப்படுத்துவதும்தான். உறுப்பு சாய்ந்திருந்தால் வரும் கோணலும் இதே கதை. பல் மருத்துவர்களைக் கேட்டால் தெரியும்: கதிர்க்குழாயின் செங்குத்துச் சாய்வு கூடினால் வேர் குறுகும், குறைந்தால் நீளும்.

அடுத்து அந்த மில்லிமீட்டர் கணக்கு. படத்தைச் சேமிக்கும் டைகாம் கோப்பில் பிக்சல் இடைவெளியாகப் பதிவாவது பல வேளைகளில் டிடெக்டர் தளத்தின் அளவு. அது நிழலை அளக்கிறது, எலும்பை அல்ல. முறிவு உண்டா இல்லையா என்று பார்ப்பவருக்கு இதனால் நட்டமில்லை. இடுப்பு மூட்டு மாற்றுக்கு அளவெடுப்பவருக்கு உண்டு. அதனால்தான் 25 மி.மீ. உலோகக் குண்டு ஒன்றை உடன் வைத்து எடுத்து, அதன் நிழலைக் கொண்டு மென்பொருளில் அளவைத் திருத்துகிறார்கள். குண்டும் மூட்டின் உயரத்திலேயே இருக்க வேண்டும். வசதிக்காக மேசைமேல் வைத்துவிட்டால்? குழாயிலிருந்து டிடெக்டர் 115 செ.மீ., டிடெக்டரிலிருந்து மூட்டு 18 செ.மீ., குண்டு 6 செ.மீ. என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 50 மி.மீ. செயற்கை மூட்டுக் கிண்ணம் பொருந்த வேண்டிய இடத்தில் மென்பொருள் 56 என்று சொல்லும். கிண்ணங்கள் வழக்கமாக 2 மி.மீ. படியில் வருகின்றன. மூன்று அளவு பெரியதை எடுத்துவைக்கச் சொல்கிறது, அதுவும் திருத்தம் செய்த பிறகு.