ராத்திரி உடம்பு சுடும்

"ஏ பாப்பா, ஒனக்குக் கண்ணாலம் ஆச்சா?"

தருமபுரிப் பக்கம் ஒரு கிராமத்தில் நர்சாக வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் இந்தக் கேள்வியைப் பத்துப் பதினைந்து வீடுகளில் கேட்டுவிட்டார்கள். ஆகவில்லை என்றதும், பிள்ளை பெறாதவள் எங்களுக்குப் பிள்ளை வளர்க்கச் சொல்லித்தர வந்துட்டியா என்பார்கள். அவர்கள் கேட்டதில் தப்பே இல்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். எனக்கு அப்போது வயது 22. கையில் இருந்தது ஒன்றரை வருடப் பயிற்சி. அவர்கள் கையில் இருந்தது பெற்ற பிள்ளை.

சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று என்பது அரசாங்கக் கணக்கு. அங்கே என்னைப் போன்ற கிராம சுகாதாரச் செவிலியர்தான் எல்லாம். புதன்கிழமை தடுப்பூசி நாள்.

என் முதல் புதன்கிழமை, தாய்மார்கள் பயந்துவிடக் கூடாதே என்று, "ஒண்ணும் ஆகாதும்மா, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று சொல்லிச் சொல்லியே முத்தடுப்பு ஊசி போட்டேன். ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசி தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் வந்தது 2011 டிசம்பரில்தான்; நான் சொல்வது அதற்கு வெகுகாலம் முன்பு. முத்தடுப்பில் கக்குவான் இருமலுக்கான மருந்தும் இருக்கிறது. அதனால் பல குழந்தைகளுக்கு அன்று ராத்திரியே காய்ச்சல் அடிக்கும், ஊசி போட்ட தொடை வீங்கும். இது எனக்குத் தெரியும், பாடத்தில் படித்ததுதான். சொன்னால் அடுத்த வாரம் யாரும் வரமாட்டார்களோ என்று மறைத்தேன். ராத்திரி முழுக்கப் பிள்ளைகள் அழுதிருக்கின்றன. மறு வாரம் நான் தெருவுக்குள் நுழைந்ததும் இரண்டு வீடுகளில் கதவைச் சாத்தினார்கள்.

எனக்கு மேலே இருந்த பகுதி சுகாதாரச் செவிலியர் என்னைத் திட்டவில்லை. "காய்ச்சல் வரும்னு ஒனக்குத் தெரியும்ல? முன்னாடியே சொல்லிடு. வியாழக்கிழமை காலைல போய் வாசல்ல நில்லு. திட்டினா வாங்கிக்கோ" என்றார்.

அப்படியே செய்தேன். "இன்னிக்கு ராத்திரி உடம்பு சுடும், தொடை வீங்கும், பிள்ள சிணுங்கும். ஈரத்துணி போடுங்க, எண்ணெய் தேய்க்காதீங்க, இந்த மருந்தக் குடுங்க. நாளைக்குக் காலைல நான் வருவேன்." பொழுது விடிந்ததும் போனேன். என்னிடம் கண்ணாலம் பற்றிக் கேட்டவர்களில் ஒரு பாட்டி, பேரனை மடியில் கிடத்தித் தொடையைத் திறந்து காட்டினார். சிவந்து தடித்திருந்தது. தொட்டுப் பார்த்தேன். "நீ சொன்னாப்லயே சுட்டுச்சு பாப்பா" என்றார். அந்தக் குரலில் கோபம் இல்லை.

புதிதாக வேலைக்குப் போகிற பிள்ளைகளிடம், எல்லாம் தெரிந்த மாதிரி காட்டிக்கொள், தயங்கினால் ஏறி மிதிப்பார்கள் என்று பெரியவர்களே சொல்லி அனுப்புகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வலிப்பு வந்த குழந்தைக்கு இந்த ஊசி போடலாமா என்று ஒரு தாய் கேட்டபோது எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. "டாக்டரக் கேட்டுட்டு வெள்ளிக்கிழமை வந்து சொல்றேன்" என்றேன். வெள்ளிக்கிழமை மழை. பஸ் வரவில்லை. நடந்து போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. குழந்தையை டாக்டர் நேரில் பார்க்க வேண்டும் என்கிறார் என்ற ஒரு வரிப் பதில்தான் என்னிடம் இருந்தது. திங்கட்கிழமை அந்தத் தாய் என்னோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கிளம்பி வந்தாள்.

பிறந்த குழந்தைக்கு இடது தோளில் போடும் பி.சி.ஜி. இன்னும் சிக்கல். அன்றைக்கு ஒன்றுமே தெரியாது. சில வாரம் கழித்துக் கொப்புளமாகிச் சீழ் வைக்கும். தானாக உடைந்து ஆறித் தழும்பாகும்வரை அதில் எதையும் தடவக் கூடாது. பாட்டி வீட்டில் அடுத்த பேத்தி பிறந்தபோது இதையும் சொல்லித்தான் போட்டேன். ஒன்றரை மாதம் கழித்துப் போனால், பாட்டி திண்ணையில் குழந்தையோடு காத்திருந்தார். தோளில் சீழ் கோத்திருந்தது.

"பக்கத்து வீட்டுக்காரி மஞ்சள் அரைச்சு எடுத்துக்கிட்டு வந்தா. எங்க நர்சம்மா ஒண்ணும் தடவக் கூடாதுன்னுட்டாங்கன்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டேன்" என்றார்.