கடல் கடந்தவர்கள் கட்டிய பள்ளி



மலேசியாவின் பினாங்குத் தீவிலுள்ள ஜார்ஜ் டவுன் நகரில் ‘கப்பித்தான் கிலிங் பள்ளிவாசல்’ என்றொரு இறையில்லம் உண்டு. அதைக் கட்டியவர்கள் நம் சோழமண்டலக் கரையிலிருந்து பாய்மரம் ஏறிச் சென்ற தமிழ் முஸ்லிம்கள். அங்கே அவர்களைச் ‘சூலியா’ என்றழைத்தார்கள். சோழநாட்டார் என்பதன் திரிபே அச்சொல் என்பது பலரின் கருத்து. ‘கிலிங்’ என்பது கலிங்கம் என்ற பெயரிலிருந்து வந்தது. பிற்காலத்தில் அது இகழ்ச்சிச் சொல்லாகிவிட்டபோதிலும், பள்ளிவாசலின் பெயரில் மட்டும் மரியாதையோடு நிலைத்திருக்கிறது.

1786இல் ஆங்கிலேயக் கம்பெனியின் சார்பில் பிரான்சிஸ் லைட் அத்தீவைக் கைக்கொள்வதற்கு வெகுகாலம் முன்பே, நம்மவர்கள் எதிர்க்கரையிலுள்ள கெடாவில் வணிகம் செய்துவந்தனர். இங்கிருந்து துணி சென்றது. அங்கிருந்து பாக்கும் வெள்ளீயமும் யானைகளும் வந்தன. ஆம், யானைகளைக்கூட மரக்கலத்தில் ஏற்றிக் கொணர்ந்தார்கள்! பினாங்கில் புதிய துறைமுகம் பிறந்ததும், கெடாவிலிருந்த வணிகர் பலர் அங்கே குடிபெயர்ந்தனர். வணிகரோடு படகோட்டிகளும், சுமைகூலிகளும், கைத்தொழிலாளரும் சேர்ந்து ஒரு தெரு உருவாயிற்று. சூலியா தெரு என்ற பெயரில் அது இன்றும் இருக்கிறது. தோளில் கம்பிட்டு இருபுறமும் சோற்றையும் குழம்பையும் தொங்கவிட்டு விற்ற நம்மவர்களின் உணவுதான், இன்று மலேசியர் அனைவரும் விரும்பியுண்ணும் ‘நாசி கண்டார்’.

1801இல் காதிர் முகைதீன் மரைக்காயர் என்பவரை அச்சமுதாயத்தின் தலைவராக, அதாவது ‘கப்பித்தான்’ ஆக, கம்பெனி ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டில் பள்ளிவாசலுக்கென நகரின் நடுவே 18 ஏக்கர் நிலமும் வழங்கப்பட்டது. அப்போது துணை ஆளுநராயிருந்தவர் சர் ஜார்ஜ் லீத். பிழைக்கப் போனவர்கள், போன பதினைந்தே ஆண்டுகளில் இறையில்லத்துக்கு நிலையான இடத்தைப் பெற்றுவிட்டார்கள். சிங்கப்பூரிலும் இதே வேகத்தைக் காண்கிறோம். 1819இல் ஆங்கிலேயர் அங்கே கால்வைத்தனர். 1826இல் சூலியாக்களின் ஜாமிஆ பள்ளி எழுந்தது. மறு ஆண்டே தெலுக் ஆயர் தெருவில் ஓலைக் குடிசையாக மற்றொரு பள்ளி தோன்றிற்று. குச்சுப்பள்ளி என்று தமிழர் அழைத்த அதற்கு இன்று அல் அப்ரார் பள்ளி என்று பெயர். ஜாமிஆவில் இன்றும் ஜும்ஆ உரை தமிழில் நிகழ்கிறது.

ஹிஜ்ரத் செய்து மதீனா வந்தடைந்த பெருமானார் (ஸல்) அவர்களும் முதற்பணியாகப் பள்ளிவாசலையே எடுத்துக்கொண்டார்கள். அந்த நிலம் ஸஹ்ல், ஸுஹைல் என்ற இரு அநாதைச் சிறுவர்களுக்கு உரியது. இலவசமாகத் தர அவர்கள் முன்வந்தபோதும், விலை கொடுத்தே அது பெறப்பட்டது என்பது நம் பிள்ளைகள் பாடமாகப் படிக்கும் வரலாறு. ஆனால் அதில் அடங்கியுள்ள சட்ட நுணுக்கத்தை நாம் எடுத்துச் சொல்வதில்லை. நிலத்தின் உரிமை ஐயத்துக்கு இடமின்றித் தெளிவானது. அதன் பின்னரே தொழுகைக்கான சுவர் எழுந்தது.

பினாங்கின் கதைக்குத் திரும்புவோம். காதிர் முகைதீன் 1834இல் மறைந்தார். தம் சொத்துகளில் ஒரு பகுதியை அவர் வக்ஃபாக எழுதிவைத்திருந்தார். பள்ளிக்கு அருகிலேயே அவரது அடக்கஸ்தலம் இருக்கிறது. நிலமும் இருந்தது, சாசனமும் இருந்தது. கவனிப்புத்தான் இல்லாமற் போயிற்று. அடுத்த எழுபது ஆண்டுகளில் பள்ளி நிலத்தில் வீடுகள் நெருக்கியடித்து எழுந்தன. வாடகை எங்கே போகிறது என்ற கேள்வி எழுந்தது. முறையீடுகள் பெருகிய பிறகு, 1905இல் முஹம்மதிய, இந்து அறக்கொடைகளுக்கென அரசு ஒரு சட்டம் இயற்றி, நிர்வாகத்தைத் தன் அதிகாரிகள் தலைமையிலான வாரியத்திடம் ஒப்படைத்தது. முஸ்லிம்களின் பள்ளிவாசற் கணக்கை ஆங்கிலேய அதிகாரி பார்க்கும் நிலை வந்ததே என்று வருந்துகிறவர்கள் உண்டு. அந்த வருத்தம் நியாயமானதே. எனினும் அதற்கு வழி திறந்துவிட்டவர்கள் நம்மவர்களே என்பதையும் மறைப்பதற்கில்லை.

வாரியம் நெரிசலை அகற்றியது, பள்ளியை விரிவாக்கியது. ஹென்றி ஆல்ஃபிரட் நியூபுரோனர் என்ற கட்டடக் கலைஞர் வரைந்த முகலாயப் பாணிக் குவிமாடங்களையே இன்று காண்கிறோம். 1930களில் மீண்டும் திருத்தப் பணிகள் நடந்தன. ஆதியில் கிடைத்த 18 ஏக்கரில் ஒரு பகுதி மட்டுமே இன்று பள்ளியைச் சுற்றி எஞ்சியிருக்கிறது. 2008இல் ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தபோது, இப்பள்ளி அதன் பெருமைகளுள் ஒன்றாய் விளங்கியது. ஒரே சாலையில் சீனர் கோயிலும், 1818இல் கட்டிய கிறித்தவ தேவாலயமும், அருகே மாரியம்மன் கோயிலும் இருக்க, நடுவே பாங்கொலி எழுகிறது.

இவ்வளவு தொலைவுக் கதையை மாரண்டஹள்ளியில் அமர்ந்துகொண்டு எழுதுவானேன் என்று நீங்கள் கேட்கலாம். நம் ஊரிலிருந்து ரயிலேறி ஓசூருக்கும் பெங்களூருக்கும் பிள்ளைகள் பிழைக்கப் போகிறார்கள். முதலில் வாடகை அறையில் நான்கு பேர் கூடித் தொழுகிறார்கள். பின்பு நாற்பது பேராகிறார்கள். பிறகு இடம் வாங்க வசூல் தொடங்குகிறது. நல்லெண்ணத்தோடு, நம்பிக்கையான ஒருவர் பெயரிலேயே பத்திரம் பதிவாகிவிடுகிறது. அவர் உயிரோடுள்ளவரை குறையொன்றுமில்லை. அவருக்குப் பின் வாரிசுகள் வருகிறார்கள்; அவர்களுக்கு அது தந்தையின் சொத்து!

கைபரில் கிடைத்த நிலத்தை உமர் (ரலி) அவர்கள் வக்ஃபு செய்தபோது, அதனை விற்கலாகாது, பிறர்க்கு அன்பளிப்பாய்த் தரலாகாது, வாரிசுரிமையாய்ப் பெறலாகாது என்ற நிபந்தனைகளை விதித்தார்கள். நம் நாட்டிலோ, 2025ஆம் ஆண்டு வக்ஃபு திருத்தச் சட்டம் ‘பயன்பாட்டின் வழியே வக்ஃபு’ என்ற பிரிவை இனிமேலுக்கு நீக்கிவிட்டது. வக்ஃபு சாசனம் எழுதாமல் புதிய வக்ஃபு உண்டாக்க இயலாது என்றும் கூறுகிறது. அச்சட்டத்தைப் பற்றி உச்சநீதிமன்றத்தில் வழக்குகள் தொடரப்பட்டன. அதன் நியாய அநியாயங்களை இன்னொரு மாதம் பேசுவோம். காலங்காலமாய்த் தொழுகிறோம் என்ற சொல் மட்டும் இனித் தொடங்கும் பள்ளிக்குப் போதாது என்பதை இப்போதே அறிந்துகொள்ளுங்கள்.

ஆகவே, வெளியூரிலுள்ள உங்கள் மகனோ தம்பியோ பள்ளிவாசலுக்கு நன்கொடை கேட்டு எழுதினால், மகிழ்ச்சியோடு அனுப்புங்கள். அனுப்பும்போதே மூன்றைக் கேளுங்கள்: பத்திரம் யார் பெயரில் இருக்கிறது, வக்ஃபு சாசனம் எழுதப்பட்டுப் பதிவாகியிருக்கிறதா, ஆண்டுக் கணக்கு ஜமாஅத்தின் முன் படிக்கப்படுகிறதா? நம் ஊர்ப் பள்ளியின் முதவல்லியிடமும் இதே கேள்விகளைக் கேட்கலாம். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்றே நம்புகிறேன்.