குட்டிச் சிங்கமும் நம் குழந்தைகளும்

திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும், சோமனூர், பல்லடம் விசைத்தறிகளுக்கும் தாயும் தகப்பனும் ஷிப்டு வேலைக்குப் போய்விட்டால், வீட்டிலிருக்கும் பிள்ளைக்கு வாத்தியார் யாரென்று கேட்டால், தொலைக்காட்சிப் பெட்டி என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆகவே, அந்த வாத்தியார் என்ன பாடம் நடத்துகிறார் என்று விசாரிக்க வேண்டியது பெற்றோர்களின் கடமையென்றே நாம் கருதுகிறோம்.

2018 ஏப்ரலில் டிஸ்கவரி கிட்ஸ் தொலைக்காட்சியில் "லிட்டில் சிங்கம்" என்னும் பொம்மைப்படத் தொடர் ஆரம்பமாயிற்று. தமிழிலும் பேசவைத்து ஒளிபரப்பினார்கள். இதன் பூர்வீகம் வடநாடல்ல, நம் நாடேதான். 2010-ல் ஹரி இயக்கி சூர்யா நடித்த "சிங்கம்" படத்தை, 2011-ல் ரோஹித் ஷெட்டி இந்தியில் எடுத்தார். அந்த இந்திச் சிங்கத்தையே குட்டியாக்கி, ஒன்பது வயதுப் பையனுக்குப் போலீஸ் உடுப்பு மாட்டி, குழந்தைகள் முன் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

ஒன்பது வயதுப் பையன் போலீசாம்! 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை, சில விலக்குகள் நீங்கலாக, எந்த வேலையிலும் வைக்கக் கூடாதென்று 2016-ல் சட்டம் திருத்தப்பட்டது. அந்தப் பையனைப் பனியனில் பிசிறு வெட்ட வைத்தால் குற்றம். திருடனோடு சண்டைக்கு அனுப்பினால் வீரமாம்! போகட்டும், கதைதானே என்று விட்டுவிடலாம். கதையில் காக்கை பேசினாலும் நரி பேசினாலும் நமக்கு யாதொரு ஆட்சேபணையுமில்லை. ஆனால், அக்கதை புகட்டும் நீதி என்ன என்பதுதான் நமது கேள்வி.

யார் குற்றவாளி என்பது சிங்கத்துக்கு முன்கூட்டியே தெரியும். சாட்சி வேண்டாம், விசாரணை வேண்டாம், வக்கீல் வேண்டாம். குத்து விழுந்தது, நியாயம் கிடைத்தது, அவ்வளவே! புராணத்தில் அவதார புருஷன் அசுரனை வதைத்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அங்கே சக்கரம், இங்கே லத்தி. அங்கே கிரீடம், இங்கே காக்கித் தொப்பி. அசுரன் செய்த குற்றம் என்ன, அதற்கு ருஜு என்ன என்று அங்கேயும் கேட்கக் கூடாது, இங்கேயும் கேட்கக் கூடாது.

இதனால் என்ன கெட்டுவிட்டது என்பீர்களானால், 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஊரடங்கு நேரத்தில் கடை திறந்திருந்ததாகச் சொல்லிக் கொண்டுபோகப்பட்ட தகப்பனும் மகனும் போலீஸ் காவலில் அடிபட்டு மாண்டார்கள். சி.பி.ஐ. போலீசார் மீதே கொலைக் குற்றம் சாட்டிற்று. சினிமாச் சிங்கத்தின் சொந்த ஊரும் அதே தூத்துக்குடி ஜில்லாதான்! போலீசைப் பெருமைப்படுத்தி ஐந்து படங்கள் எடுத்ததற்காக வேதனைப்படுவதாக அப்போது இயக்குநர் ஹரியே அறிக்கை விட்டார். எடுத்தவருக்கே வந்த வேதனை, பார்த்துக் கைதட்டிய நமக்கு வர வேண்டாமா?

கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டுமென்று அரசியல் சட்டத்தின் 22-வது பிரிவு சொல்லுகிறது. ஏன்? போலீசும் மனிதன்தான், தவறக் கூடியவன்தான் என்பதால். விசாரணையில்லாத அடி யார் முதுகில் முதலில் விழும்? மில் முதலாளி முதுகிலா? ஒருநாளும் விழாது. தறிக்காரன், சேரித் தோழன், பிழைப்புத் தேடி வடக்கேயிருந்து வந்த கூலி ஆகிய இவர்கள் முதுகில்தான் விழும். தன் தகப்பன் முதுகில் விழப்போகும் அடிக்கு, பிள்ளை இன்றைக்கே கைதட்டப் பழகுகிறது.

தொடரைத் தடை செய்ய வேண்டுமென்பது நமது கக்ஷியல்ல. தடையால் யாருக்கும் அறிவு வளர்ந்ததில்லை. தோழர்களே! விடுமுறை நாளில் பிள்ளையோடு அரைமணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். "அவன்தான் திருடன் என்று சிங்கத்துக்கு எப்படித் தெரிந்தது? ஆள் மாறியிருந்தால் என்ன ஆகும்? சிங்கமே தப்பு செய்தால் அதை யார் கேட்பது?" என்று மூன்றே கேள்விகள் கேளுங்கள். பதில் சொல்லாவிட்டாலும் பாதகமில்லை. கேட்கத் தெரிந்த பிள்ளை, எந்தச் சிங்கத்தையும் கண்டு கும்பிடவும் செய்யாது, நடுங்கவும் செய்யாது.