சக்கர ரிமுக்கு வர்ணம்

மும்பையின் கடற்காற்றும் மழையும் நமது பழைய காரின் இரும்பு ரிம்களைத் துருப்பிடிக்கச் செய்துவிட்டன. ஆகவே ஒரு ஞாயிறன்று, குடியிருப்பு வாசலில் சக்கரங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, உப்புத்தாளால் துரு நீக்கிக் கழுவி உலர்த்தினோம். டயரில் செய்தித்தாள் சுற்றி, பிரைமர் பூசி, காய்ந்தபின் மெல்லியதாக மும்முறை வர்ணம் அடித்தோம்.

உற்சாகத்தில், நட்டு அமரும் குழிகளையும் ஹப்போடு பொருந்தும் உட்பரப்பையும் பூசிவிட்டோம். மறுவாரம் குழந்தைகளுடன் செல்கையில் சக்கரம் ஆட்டங்கண்டது, நட்டுகள் தளர்ந்திருந்தன! இடையில் நசுங்கிய வர்ணமே காரணம்.

அன்பர்களே, அவ்விடங்களில் வர்ணம் படாது காத்துக்கொள்க. சக்கரம் மாட்டி 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மீண்டும் சோதித்து முறுக்குக. சக்கரங்களைச் சோதித்த பின்னரே வண்டியை விடும் இலாகாவில் குமாஸ்தாவாயிருந்தும் நாம் இதனை மறந்தோம், நீங்கள் மறவாதீர்கள்.